முதலில் சத்தத்தைச் சமமாக்குங்கள்: கிட்டார் பெடல்களைக் கேட்டு வாங்குவது பற்றி

கிட்டார் பெடல் (எலெக்ட்ரிக் கிட்டாருக்கும் ஆம்ப் என்ற ஒலிபெருக்கிக்கும் நடுவில் வைத்து, காலால் மிதித்து ஒலியை மாற்றுகிற சின்னப் பெட்டி) ஒன்றை முதல்முறை மிதித்ததும் "அட, பிரமாதமா இருக்கே" என்று தோன்றினால், உடனே அதன் வால்யூமைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். பெடல் ஆனில் இருந்தாலும் ஆஃபில் இருந்தாலும் காதுக்கு ஒரே அளவு சத்தம் வருகிற இடத்தில் நாபை (திருகு குமிழை) நிறுத்திவிட்டு அதே கார்டை (பல சுரங்களைச் சேர்த்து அடிப்பதை) மறுபடி வாசியுங்கள். பெரும்பாலும் அந்தப் பிரமாதத்தில் பாதி கரைந்துபோயிருக்கும். மிச்சம் என்ன இருக்கிறதோ அதை வைத்துத்தான் வாங்குவதா வேண்டாமா என்று யோசிக்க வேண்டும். பல வருடங்களாகப் பெடல்களை வாங்கி, விற்று, நண்பர்களிடம் இரவல் வாங்கி வாசித்து வருகிறேன்; வேறு எந்தப் பாடத்தையும்விட இது ஒன்றுதான் எனக்கு அதிகமாகக் கைகொடுத்திருக்கிறது, அதனால்தான் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன்.

இது மனப்பிரமை இல்லை, காது அப்படித்தான் வேலை செய்கிறது. சத்தம் குறைவாக இருக்கும்போது அடி ஒலிகளும் உச்ச ஒலிகளும் நமக்கு மங்கிக் கேட்கும், சத்தம் கூடக் கூட அவை நிரம்பி வரும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933இலேயே இதை அளந்து வரைபடமாக வெளியிட்டார்கள். ஒரு டெசிபல் போலச் சின்ன வித்தியாசம் இருந்தால் "இது சத்தமா இருக்கு" என்று யாருக்கும் தோன்றாது, "இது தெளிவா இருக்கு, நிறைவா இருக்கு" என்றுதான் தோன்றும். இரண்டு பெடல்களை ஒப்பிடும்போது ஒன்றின் வால்யூம் நாப் ஒரு பொட்டு கூடத் திரும்பியிருந்தால் போதும், அந்த ஒப்பீட்டில் அர்த்தமே இல்லை. போனில் இருக்கும் சத்தம் அளக்கும் ஆப்பை வைத்துச் சரிசெய்யலாம்தான், ஆனால் டிஸ்டார்ஷன் என்பதே ஒலியின் உச்சிகளை வெட்டித் தட்டையாக்குவது என்பதால், உச்ச அளவை மட்டும் காட்டுகிற மீட்டர் இங்கே ஏமாற்றிவிடும். நான் செய்வது இதுதான்: கண்ணை மூடிக்கொண்டு ஒரே கார்டை ஒரே வேகத்தில் அடித்துக்கொண்டே இருப்பேன், கூட இருப்பவர் பெடலை மிதித்து மிதித்து மாற்றுவார், சத்தம் முன்னால் வருவதுபோலவோ பின்னால் போவதுபோலவோ தோன்றாத இடம் வரும்வரை நாபைத் திருப்புவார்.

கூட யாரும் இல்லையென்றால் ஒரு லூப்பர் போதும். கிட்டாரை லூப்பரில் செருகி, லூப்பரிலிருந்து பெடல்களுக்குப் போங்கள். சுத்தமான ஒலியில் ஒரு சின்னத் துண்டைப் பதிவு செய்துவிட்டால் அது திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருக்கும், இரண்டு கையும் நாபைத் திருப்புவதற்குக் கிடைத்துவிடும். அதைவிட முக்கியம், ஒவ்வொரு பெடலுக்கும் போகிற வாசிப்பு அப்படியே ஒன்றாக இருக்கும். நாமே வாசித்து ஒப்பிடும்போது பிடித்த பெடலுக்குக் கை தானாகவே நன்றாக வாசித்துவிடுகிறது, இதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன். பதிவு செய்யும் துண்டில் எல்லாம் இருக்கட்டும்: ஆறு தந்தியும் அதிரும் ஒரு முழுக் கார்டு, தடித்த தந்திகளில் ஒரு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சின்ன இசைத்துண்டு), மெல்லிய தந்தியில் ஒரு நீண்ட பெண்ட் (தந்தியை வளைத்துச் சுரத்தை உயர்த்துவது), அப்புறம் விரலால் மென்மையாக மீட்டிய நாலைந்து சுரங்கள்.

லூப்பருக்கு ஒரு எல்லை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். லூப்பரிலிருந்து வெளியே வருவது கிட்டார் பிக்கப்பின் (தந்தி அதிர்வை மின் சிக்னலாக்கும் பாகத்தின்) பலவீனமான சிக்னல் இல்லை, பஃபர் என்ற சிக்னலை வலுவாக்கும் சர்க்யூட் வழியாக வரும் வலுவான சிக்னல். பெரும்பாலான ஓவர்டிரைவ் (ஒலியை லேசாக உடைப்பவை), டிலே (எதிரொலி தருபவை), கோரஸ் (பலர் சேர்ந்து வாசிப்பதுபோல ஆக்குபவை) பெடல்களுக்கு இதனால் பெரிய வித்தியாசம் வராது. ஆனால் 1966இல் வந்த ஃபஸ் ஃபேஸ் வகையைச் சேர்ந்த ஃபஸ்கள் (ஒலியை முரட்டுத்தனமாக உடைக்கும் பெடல்கள்) கிட்டாரோடு நேரடியாகப் பேச வேண்டியவை. நடுவில் பஃபர் வந்தால் ஒலி கரகரவென்று கூர்மையாகி, கிட்டார் வால்யூமைக் குறைத்தால் அழகாகச் சுத்தமாகிற அந்தக் குணமும் போய்விடும். அதனால் ஃபஸ்ஸை லூப்பரோடு மட்டும் கேட்டுவிட்டு வேண்டாம் என்று தள்ளாதீர்கள். விரலுக்கு அது எப்படிப் பதில் சொல்கிறது என்பதை எந்தப் பெடலாக இருந்தாலும் கிட்டாரை நேரடியாகச் செருகித்தான் தெரிந்துகொள்ள முடியும்.

நேரடியாக வாசிக்கும்போது நான் முதலில் கை வைப்பது கிட்டாரின் வால்யூம் நாபில்தான். பெடலில் கெயினை (சிக்னலை எவ்வளவு பெருக்கி உடைப்பது என்ற அளவை) பாதிக்கு மேல் வைத்துவிட்டு கிட்டார் வால்யூமை பத்திலிருந்து ஏழுக்கு, ஐந்துக்கு, மூன்றுக்கு இறக்கிக்கொண்டே வருவேன். நல்ல ஓவர்டிரைவ் படிப்படியாகச் சுத்தமாகிக்கொண்டே வரும், ஐந்தில் ஒரு தனி நிறம் கிடைக்கும், மூன்றிலும் ட்ரெபிள், அதாவது உச்ச ஒலி, சாகாமல் இருக்கும். சில பெடல்கள் ஏழுக்குக் கீழே வந்தாலே போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல ஆகிவிடும். ஒரே பெடலில் மூன்று ஒலி கிடைத்தால் அது எனக்கு மூன்று பெடலுக்குச் சமம், அதற்கு விலை கூடக் கொடுப்பேன். அடுத்தது கார்டு. கெயினோடு இரண்டு தந்திப் பவர் கார்டு எந்தப் பெடலிலும் நன்றாகத்தான் இருக்கும், அதோடு மூன்றாம் சுரத்தைச் சேர்த்துப் பாருங்கள். சுரங்கள் ஒன்றோடொன்று மோதி, வாசிக்காத புதிய ஒலிகளை உண்டாக்கும். அந்தக் குழப்பத்திலும் மேஜரா மைனரா என்று காதுக்குத் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. மூன்றாவது, சுரம் சாகிற விதம். ஒரு சுரத்தை அடித்துவிட்டு அது முழுக்க அடங்கும்வரை காத்திருந்து கேளுங்கள். மென்மையாக மங்குகிறதா, கடைசியில் கரகரத்து அறுந்துபோகிறதா, அடியில் ஒரு இரைச்சல் தலைதூக்குகிறதா? பெடல் சரியாகக் கட்டப்பட்டிருக்கிறதா என்பது பெரும்பாலும் இந்த வால்பகுதியில்தான் தெரியவரும்.

நாபுகளையும் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை திருப்பிப் பாருங்கள். டோன் நாபில் ஒரே ஒரு இடம் மட்டும் நன்றாக இருந்து மற்றதெல்லாம் பயன்படாமல் போகிற பெடல்கள் நிறைய உண்டு. அந்த ஒரு இடம் உங்கள் ஆம்ப்புக்கும் கிட்டாருக்கும் பொருந்தினால் பரவாயில்லை. ஆனால் இரண்டில் எதையாவது நாளைக்கு மாற்றினீர்கள் என்றால் பெடலும் கைவிட்டுப் போகும்.

இப்போது ஆம்ப். பெடலுக்கென்று தனியாக ஒரு ஒலி இருப்பதாகவே நான் நினைப்பதில்லை, பெடலும் ஆம்ப்பும் சேர்ந்ததுதான் ஒலி. இதற்கு ட்யூப் ஸ்க்ரீமரைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஐபனெஸ் நிறுவனம் 1970களின் கடைசியில் கொண்டுவந்த இந்தப் பெடல் ஏறக்குறைய 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள பகுதிக்குக் கெயினைக் குறைத்துவிடுகிறது, மேல் பகுதியையும் டோன் சர்க்யூட் மழுக்கிவிடுகிறது, அதனால் நடுப்பகுதி, அதாவது மிட், துருத்திக்கொண்டு நிற்கும். வீட்டில் தனியாக உட்கார்ந்து, சுத்தமான சின்ன ஆம்ப்பில் கேட்டால் மூக்கடைத்த ஒலியாகத்தான் இருக்கும், "இதற்கா இவ்வளவு பேர்?" என்று தோன்றும். அதே பெடலை ஏற்கெனவே ஒலி லேசாக உடைந்து கரகரக்கத் தொடங்கியிருக்கும் வால்வு ஆம்ப்புக்கு முன்னால் வைத்து, டிரைவை (அதன் கெயின் நாபை) அடிமட்டத்துக்கு இறக்கி, லெவலை (வால்யூமை) மேலே ஏற்றிப் பாருங்கள். அடிப்பகுதியின் தொளதொளப்பு போய் ஒலி இறுகும். பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் சேர்ந்து வாசிக்கும்போது பேஸுக்கு மேலே, சிம்பல்களுக்குக் கீழே, கிட்டாருக்கு ஒரு இடம் தானாகக் கிடைக்கும்.

பிக் மஃப் என்ற ஃபஸ் பெடல் இதற்கு நேர் எதிர். அதில் நடுப்பகுதி பள்ளமாக இருக்கும், அடியும் உச்சியும் மேடாக இருக்கும். தனியாக வாசித்தால் சுவரே அதிர்வதுபோல இருக்கும், குழுவோடு வாசிக்க ஆரம்பித்ததும் கிட்டார் எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும், ஏனென்றால் அதன் அடிப்பகுதியை பேஸ் கிட்டார் எடுத்துக்கொள்கிறது, மேல்பகுதியை சிம்பல்கள் எடுத்துக்கொள்கின்றன. பிக் மஃப் மோசமான பெடல் என்று சொல்லவில்லை, எனக்கு மிகவும் பிடித்த ஒலிகளில் அது ஒன்று. ஆம்ப்பில் மிட்டை ஏற்றியோ, மிட்டைத் தூக்குகிற இன்னொரு பெடலைப் பின்னால் வைத்தோ நான் அதைக் குழுவிலும் பயன்படுத்துகிறேன். தனியறையில் கேட்டு எடுத்த முடிவு குழுவுக்குள் அப்படியே செல்லாது, அவ்வளவுதான். குழுவில் வாசிக்கிறவர் என்றால், முடிந்தவரை ஒத்திகையில் வைத்துக் கேட்டுவிட்டே வாங்குங்கள். இரவல் கிடைக்காவிட்டால், டிரம்ஸும் பேஸும் மட்டும் உள்ள ஒரு பின்னணித் தடத்தை நல்ல சத்தத்தில் ஓடவிட்டு அதன்மேல் வாசித்துப் பாருங்கள்.

ஹெட்போனில் கேட்டு முடிவெடுக்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கிட்டார் ஸ்பீக்கர்கள் ஏறக்குறைய 5000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதைப் பெரிதாக வெளியே விடுவதில்லை. டிஸ்டார்ஷன் பெடல்கள் அதை நம்பித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. பெடலை நேராக கம்ப்யூட்டர் இன்டர்ஃபேஸில் செருகிக் கேட்டால் தேனீக் கூட்டம்போல இரைவதற்குக் காரணம் இதுதான், பெடலின் குற்றம் இல்லை. கிட்டார் ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலச் செய்யும் கேபினெட் சிமுலேஷன் ஒன்றைப் போட்டுவிட்டுக் கேளுங்கள்.

இணையத்தில் வரும் டெமோ வீடியோக்கள் பயன் இல்லாதவை என்று சொல்ல மாட்டேன். நாபுகள் என்ன செய்கின்றன, கெயின் எவ்வளவு தூரம் போகும், சத்தம் இல்லாத இடத்தில் இரைச்சல் எவ்வளவு என்பதெல்லாம் அதில் தெரியும். ஒலி எப்படி என்பது மட்டும் தெரியாது, ஏனென்றால் நீங்கள் கேட்பது அந்தக் கலைஞரின் கை, அவருடைய ஆம்ப், மைக், அதற்குப் பிறகு போட்ட ஈக்யூ (அடி, நடு, உச்ச ஒலிகளின் அளவைச் சரிசெய்வது), கம்ப்ரெஷன் (சத்த ஏற்றத்தாழ்வைக் குறைப்பது) எல்லாம் சேர்ந்தது. ஒரே பெடலை வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு ஆம்ப்பில் வாசித்த வீடியோக்களைப் பார்த்து, எல்லாவற்றிலும் பொதுவாக வருகிற குணம் எது என்று தேடுங்கள். பெடலுடையது என்று நம்பக்கூடியது அந்தப் பொதுக் குணம் மட்டும்தான்.

ஆஃபில் இருக்கும்போது பெடல் என்ன செய்கிறது என்பதை அநேகம் பேர் கேட்பதே இல்லை. பெடல் வாழ்நாளில் பெரும்பகுதி ஆஃபில்தான் கிடக்கிறது! ட்ரூ பைபாஸ் (ஆஃபில் சிக்னல் பெடலின் சர்க்யூட்டைத் தொடாமல் நேராகக் கடந்துபோவது) என்று பெட்டியில் போட்டிருந்தால் உயர்ந்தது, பஃபர் இருந்தால் மட்டம் என்று ஒரு நம்பிக்கை சுற்றிக்கொண்டிருக்கிறது. அது சரியில்லை. சாதாரண கிட்டார் கேபிளில் மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் கொள்ளளவு இருக்கும். கிட்டாரிலிருந்து பெடல்களை அடுக்கிய போர்டுக்கு ஆறு மீட்டர், போர்டிலிருந்து ஆம்ப்புக்கு ஆறு மீட்டர், நடுவில் குட்டிக் கேபிள்கள் என்று வைத்துக்கொண்டால், எல்லாப் பெடலும் ட்ரூ பைபாஸாக இருக்கும்போது பிக்கப் அத்தனையையும் தனியாகச் சுமக்க வேண்டும், உச்சப்பகுதி மழுங்கிவிடும். வரிசையில் ஓரிடத்தில் நல்ல பஃபர் ஒன்று இருந்தால் இந்தச் சிக்கல் தீர்ந்தது. ஃபஸ் இருந்தால் அதை மட்டும் பஃபருக்கு முன்னால் வைத்துவிடுங்கள். சோதிப்பது சுலபம்: எல்லாப் பெடலையும் ஆஃப் செய்துவிட்டுப் போர்டு வழியாக ஒருமுறை வாசியுங்கள், பிறகு ஒரே கேபிளில் நேராக ஆம்ப்பில் செருகி வாசியுங்கள்.

மின்சாரத்தையும் பெடலின் விலையில் சேர்த்துக் கணக்கிட வேண்டும். பெரும்பாலான பெடல்களுக்கு நடுமுனை நெகட்டிவாக உள்ள 9 வோல்ட் அடாப்டர் போதும், ஓவர்டிரைவ் போன்றவை மிகக் குறைந்த மின்னோட்டத்தில் ஓடிவிடும். டிஜிட்டல் டிலே, ரிவெர்ப் வகைகளில் 300 மில்லி ஆம்பியரும் அதற்கு மேலும் கேட்பவை உண்டு. ஒரே அடாப்டரிலிருந்து சங்கிலிபோல எல்லாவற்றுக்கும் கொடுத்தால், டிஜிட்டல் பெடலின் இரைச்சல் அதிக கெயின் உள்ள பெடலுக்குள் புகுந்து கீச்சென்று கேட்கும். அதனால் ஒரு பெடல் இரைகிறது என்று முடிவுகட்டும் முன் அதைத் தனியாக, முடிந்தால் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பேட்டரியில் அமைதியாக இருந்தால் பெடல் சரி, பவர் சப்ளையைத்தான் மாற்ற வேண்டும். பழைய பாணி ஜெர்மானியம் ஃபஸ்களில் சில பாசிட்டிவ் கிரவுண்டில் ஓடுபவை (மற்றவற்றில் நெகட்டிவ் முனை கிரவுண்டாக இருக்கும், இவற்றில் பாசிட்டிவ் முனை), அவற்றை மற்ற பெடல்களோடு ஒரே சங்கிலியில் கோக்கவே கூடாது.

விலைக்கு வருகிறேன். ஓவர்டிரைவ் பெடல் ஒன்றைத் திறந்து பார்த்தால் ஒரு சிப், சில டயோடுகள், கொஞ்சம் ரெசிஸ்டர், கொஞ்சம் கெபாசிட்டர், அவ்வளவுதான் இருக்கும். நாம் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி அந்தப் பாகங்களுக்குப் போவதில்லை. பெட்டி, சுவிட்ச், ஜாக், கூலி, சோதித்து அனுப்புகிற வேலை, வாரண்டி, கடைக்காரரின் பங்கு, இவற்றுக்கு மேலே பெயருக்கும் கிடைக்காத தன்மைக்கும் கொடுக்கிறோம். இதில் ஒலிக்கு எவ்வளவு, உழைக்கும் திறனுக்கு எவ்வளவு, பெயருக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் குழப்பம் குறையும்.

க்ளான் சென்டார் என்ற ஓவர்டிரைவ் பெடலை எடுத்துக்கொள்ளுங்கள். பில் ஃபின்னகன் 1994இல் விற்கத் தொடங்கி, ஏறக்குறைய 8000 பெடல்கள் செய்து நிறுத்திவிட்டார். சர்க்யூட்டை யாரும் பார்க்க முடியாதபடி மேலே எபாக்ஸி பிசின் ஊற்றி மூடியிருந்தார். உற்பத்தி நின்ற பிறகு விலை எங்கேயோ போய்விட்டது. ஆனால் சர்க்யூட்டைப் பிற்பாடு பிரித்துப் படித்துவிட்டார்கள், அதே வடிவமைப்பில் ஏராளமான பெடல்கள் இன்று மிகக் குறைந்த விலையில் கிடைக்கின்றன. அதில் ரகசியம் ஒன்றும் இல்லை: ஜெர்மானியம் டயோடு, உள்ளேயே வோல்டேஜை உயர்த்திக்கொள்ளும் ஏற்பாடு, உடைந்த ஒலியோடு சுத்தமான ஒலியையும் கலந்து கொடுக்கும் கெயின் நாப், நல்ல பஃபர். நண்பர் ஒருவரிடம் இருந்த அசலையும் நல்ல நகல் ஒன்றையும் சத்தத்தைச் சமமாக்கிக் கேட்டபோது எனக்குத் தெரிந்த வித்தியாசம், பிக்கை (தந்தியை மீட்டும் வில்லையை) மாற்றினால் வரும் வித்தியாசத்தைவிடச் சிறியது. அசலை வாங்குகிறவர் தவறு செய்கிறார் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் வாங்குவது ஒரு அபூர்வப் பொருள், நாளைக்கு அதே விலைக்கோ அதற்கு மேலோ விற்கவும் முடியலாம். ஒலிக்காக மட்டும் என்றால் அது தேவையில்லை.

பழைய பாகங்கள் பற்றிய பேச்சையும் ஒவ்வொன்றாகத்தான் நிறுத்துப் பார்க்க வேண்டும். ட்யூப் ஸ்க்ரீமரில் ஜேஆர்சி4558 சிப் இருந்தால்தான் அந்த ஒலி வரும் என்பார்கள். அதன் குணத்தைப் பெரும்பாலும் டயோடுகளும் ஃபில்டரும்தான் தீர்மானிக்கின்றன, சிப்பை மாற்றினால் வருவது நூலிழை வித்தியாசம். ராட் என்ற டிஸ்டார்ஷன் பெடலில் கதை வேறு. அதிலிருந்த எல்எம்308 மெதுவான சிப், கெயினை ஏற்றும்போது வேகமான உச்ச ஒலிகளைத் துரத்திப் பிடிக்க முடியாமல் மழுக்கிவிடும், அந்த மழுங்கலுக்கும் ராட் ஒலியில் பங்கு உண்டு. கார்பன் காம்போசிஷன் ரெசிஸ்டர் போட்டிருக்கிறோம் என்று விளம்பரம் செய்தால் நான் அதற்குக் கூடுதல் விலை கொடுக்க மாட்டேன், அவை சாதாரண மெட்டல் ஃபில்ம் ரெசிஸ்டரைவிட இரைச்சல் கூடியவை. ஜெர்மானியம் ஃபஸ்ஸுக்கு மட்டும் மனமாரக் கொடுப்பேன். ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள் ஒன்றுக்கொன்று வெகுவாக மாறுபடும், சூடு ஏறினால் ஒலியும் மாறும்; ஒவ்வொன்றாக அளந்து, ஜோடி சேர்த்து, பயாஸ் (டிரான்சிஸ்டர் இயங்கும் மின்னழுத்த நிலை) சரிசெய்து கட்டுகிறவர் செய்வது உண்மையான உழைப்பு. இதனாலேயே ஒரே மாடல் ஃபஸ் இரண்டு இருந்தால், வாசித்துப் பார்த்த அதே பெட்டியையே கொடுங்கள் என்று கேட்டு வாங்குங்கள், சீல் பிரிக்காத இன்னொன்று வேண்டாம்.

டிலே பெடலை வேறு விதமாகக் கேட்க வேண்டும். அனலாக் டிலேயில் ஒலி பக்கெட் பிரிகேட் என்ற சிப்புக்குள் கட்டம் கட்டமாகக் கைமாறிப் போகிறது. நேரத்தைக் கூட்டினால் இந்தக் கைமாற்றத்தை நடத்துகிற கிளாக் மெதுவாகும், அந்தக் கிளாக் சத்தம் காதில் விழாமல் இருக்க ட்ரெபிளை வெட்ட வேண்டியிருக்கும். எதிரொலிகள் மங்கலாக வருவது அதனால்தான், பலருக்குப் பிடித்ததும் அதுவேதான், வாசிக்கிற சுரத்தை மறைக்காமல் அடியில் கிடக்கும். நேர நாபை முழுக்கத் திருப்பிவிட்டு வாசிக்காமல் காத்திருங்கள். கீச்சென்று ஒரு ஒலி மெல்லக் கேட்டால் அந்தப் பெடலில் ஃபில்டர் சரியில்லை. டிஜிட்டலில் இந்தப் பிரச்சினை இல்லை, அங்கே நான் பார்ப்பது எதிரொலிக்கு டோன் நாப் இருக்கிறதா, ஆஃப் செய்தபின் எதிரொலி இயல்பாக அடங்குகிறதா இல்லை டக்கென்று அறுகிறதா என்பதை.

பழைய பெடல் வாங்கும்போது எல்லா நாபையும் ஆம்ப் ஆனில் இருக்கும்போதே திருப்புங்கள், கரகரத்தால் பெரும்பாலும் கான்டாக்ட் கிளீனரில் சரியாகும், அதைக் காட்டி விலை பேசலாம். கேபிளை ஜாக்கில் செருகி அசைத்துப் பாருங்கள். சுவிட்சை மெதுவாக அழுத்தியும் வேகமாக அழுத்தியும் பாருங்கள். பேட்டரி அறையில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள், விற்பவர் சம்மதித்தால் பின்மூடியைத் திறந்து யாராவது சால்டரிங் செய்து கை வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். பழைய அனலாக் பெடலில் சுவிட்சோ ஜாக்கோ போனால் யாரும் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். நுண்பாகங்களை நேராகப் பலகையில் ஒட்டிய டிஜிட்டல் பெடலில் ஜாக் பிய்ந்தால் பலகையோடு சேர்ந்து போகலாம், அதனால் டிஜிட்டலில் பழையது வாங்கும்போது நான் இரண்டு மடங்கு கவனமாக இருப்பேன்.

வாங்கிய பிறகும் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். ஒத்திகையைப் போனில் பதிவு செய்து, சில நாள் கழித்து, எந்தப் பெடலை எங்கே மிதித்தோம் என்பது மறந்த பிறகு கேட்பேன். பெடல் வந்த இடம் காதுக்குத் தெரியவே இல்லை என்றால் அதை விற்றுவிடுவேன். கம்ப்ரெஸர் மட்டும் இதற்கு விதிவிலக்கு. கேட்பவருக்கு அது இருப்பதே தெரியாது, ஆனால் வாசிக்கிறவர் விரலுக்கு ஒவ்வொரு சுரத்திலும் தெரியும், அது இருந்தால் சிலர் வேறு மாதிரி, இன்னும் நிதானமாக வாசிப்பார்கள். கம்ப்ரெஸரைப் பதிவில் தேடாதீர்கள், ஒரு பாட்டு முழுக்கப் போட்டு வாசித்துவிட்டு அடுத்த பாட்டில் ஆஃப் செய்து வாசியுங்கள். கை அதைத் தேடினால் வைத்துக்கொள்ளலாம்.